சுவரொட்டியும் சட்டமும்

மும்பையின் மாதுங்காவிலோ தில்லியின் கரோல்பாகிலோ தமிழ்ப் படச் சுவரொட்டி ஒன்றைக் கண்டால் நம் நெஞ்சம் உடனே ஊருக்குச் சென்றுவிடுகிறது. அந்தத் தாளுக்கும் ஒரு சட்ட வரலாறு உண்டு. அதனை இன்று சற்று நோக்குவோம்.

திரைப்படத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் 1918-இல் தோன்றியது. 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. மறு ஆண்டு வெளிவந்த 'பக்த விதுரர்' என்னும் ஊமைப் படத்தில் விதுரர் காந்தியடிகளின் சாயலில் தோன்றினார். சென்னை மாகாணத்தில் அப்படம் தடை செய்யப்பட்டது. 1940-இல் 'தியாகபூமி'யும் அக்கதியை அடைந்தது. அந்நாளைய ஆட்சி அஞ்சியது அரசியலுக்கே.

விடுதலைக்குப்பின், 1952-இல் புதிய திரைப்படச் சட்டம் வந்தது. சான்றிதழ் பெறாத படத்தைத் திரையிடுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என 1984-இல் அது திருத்தப்பெற்றது. ஆயினும் தணிக்கைக் குழுவினர் பார்ப்பது படத்தையே. சுவரில் ஒட்டும் தாளை அன்று. ஆதலால் படத்தில் வெட்டுண்ட காட்சி சுவரில் பெரிதாய் நிற்கவும் கூடும்.

இந்த இடைவெளியை நிரப்ப உதவியது 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு. ஆபாசமானதைப் பொதுவில் காட்டுவோர்க்கு மூன்று மாதம் வரை இருந்த சிறைத் தண்டனை, 1969-இல் முதற் குற்றத்துக்கு ஈராண்டு வரை, மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை என உயர்ந்தது. 1986-இல் பெண்களை இழிவாகச் சித்திரிக்கும் விளம்பரங்களைத் தடுக்கத் தனிச் சட்டம் பிறந்தது. தமிழ்நாடோ 1987-இல் திரைப்பட விளம்பரங்களுக்கே கட்டாயத் தணிக்கைச் சட்டம் இயற்றியது. பழைய 292-ஆம் பிரிவின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாள் தொட்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு நிற்கிறது.

இங்கு நாம் எண்ண வேண்டுவது ஒன்றுண்டு. 1964-இல் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவரின் வழக்கில், விற்பவர்க்கு நூலின் ஆபாசம் தெரியும் என மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறியாமை தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது. இந்நெறி சுவரொட்டிக்கும் பொருந்துமாயின், சிக்குபவர் யார்? படம் எடுத்தவரும் தாளை அச்சிட்டவரும் தொலைவில் இருக்கின்றனர். பசை வாளியுடன் சுவரருகே நிற்பவர், அத்தாளின் மொழியையே படிக்க அறியாத கூலியாள். பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்த நம்மவருள்ளும் அத்தகையோர் இருத்தல் கூடும்.

தீயதைத் தடுக்கும் சட்டம் வேண்டுவதே. ஆனால் அதன் கை, தாளை ஒட்டியவரிடம் நின்றுவிடாது, ஒட்டச் சொன்னவர் வரை நீள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.