வீட்டில் பலருக்கும் வயிற்றுப்போக்கு: கைக்குழந்தையைக் காப்பது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால், ஓரிரு நாள்களில் மற்றவர்களுக்கும் பரவக்கூடும். ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்கள் இதற்கு முக்கியக் காரணங்கள். பெரியவர்கள் பொதுவாகச் சில நாள்களில் தேறிவிடுவர். ஆனால் கைக்குழந்தைக்குச் சில மணி நேரத்திலேயே கடுமையான நீரிழப்பு ஏற்படலாம். உயிருக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் இந்த நீரிழப்பே. முதல் முறை நீராகப் போகும்போதே இதனைத் தடுக்கத் தொடங்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்பதை எப்படி அறிவது?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் இயல்பாகவே இளகி இருக்கும். வழக்கத்தைவிட அதிக முறை, நீராகப் போவதே வயிற்றுப்போக்கு. "பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது" என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.)

• 1 லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும், கொதிக்க வைத்து ஆறவைத்த 1 லிட்டர் நீரில் கரைக்கவும். சிறிய பொட்டலமாயின் அதன் மீது குறிப்பிட்டுள்ள அளவு நீரையே சேர்க்கவும்.
• 2 மாதம் முதல் 2 வயது வரை: ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆன பின்னும் 50 முதல் 100 மி.லி. வரை, கரண்டி அல்லது பாலாடையால் சிறிது சிறிதாகக் கொடுக்கவும்.
• குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் மெதுவாகக் கொடுக்கவும்.
• கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குப் பின் பயன்படுத்தக் கூடாது.

குளிர்பானமும் வெறும் குளுக்கோஸ் தண்ணீரும் இதற்கு மாற்றாகா. அவற்றின் மிகுதியான சர்க்கரை வயிற்றுப்போக்கை அதிகரிக்கக்கூடும்.

துத்தநாக மாத்திரை

2 மாதம் முதல் 6 மாதம் வரை நாளொன்றுக்கு 10 மி.கி., 6 மாதத்திற்கு மேல் 20 மி.கி. என 14 நாள்கள் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் இடையில் நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும்.

தாய்க்கும் நோய் இருந்தால்?

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இந்நோய் தாய்ப்பால் வழியே பரவுவதில்லை. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பாற்றல் குழந்தைக்குத் துணைநிற்கும். ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பால் கழுவிய பின் பாலூட்டவும். தாயும் கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். ஆகியவற்றைத் தாராளமாக அருந்த வேண்டும்.

6 மாதம் கடந்த குழந்தைக்குக் குழைந்த சாதம், பருப்பு, இட்லி, வாழைப்பழம் ஆகியவற்றை அடிக்கடி, சிறு அளவில் கொடுக்கவும். பட்டினி போடுதல் குழந்தையை மேலும் நலிவடையச் செய்யும்.

மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்க

• மலம் கழித்த பின்னும், குழந்தையின் துணியை மாற்றிய பின்னும், சமைப்பதற்கு முன்னும் சோப்பால் கை கழுவவும். நோரோ வைரஸுக்குச் சானிடைசர் மட்டும் போதாது.
• நோயுற்றவர், அறிகுறிகள் நின்று 2 நாள்கள் ஆகும் வரை சமைப்பதையும் குழந்தைக்கு ஊட்டுவதையும் தவிர்க்கவும். தாய்ப்பாலூட்டும் தாய்க்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. இயன்றால், நலமாக உள்ள ஒருவரே குழந்தையைக் கவனிக்கட்டும்.
• குழந்தையின் மலத்தாலும் நோய் பரவும். அதனைக் கழிப்பறையில் போட்டு நீரூற்றவும். அத்துணிகளைப் பாத்திரம் கழுவும் இடத்திலோ, கிணறு அல்லது அடிகுழாய் அருகிலோ அலச வேண்டாம்.
• வாந்தி பட்ட இடத்தைத் துடைத்த பின் பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுத்தம் செய்யவும்.

செய்யக் கூடாதவை

பெரியவர்களுக்கு வாங்கிய வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர். அது குடலின் இயக்கத்தை முடக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பரிந்துரையின்றி ஆன்டிபயாடிக் மருந்தும் கொடுக்கக் கூடாது. தொக்கம் எடுப்பதற்காக அலைந்து காலந்தாழ்த்த வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• கண்களோ உச்சிக்குழியோ உள்வாங்கியிருத்தல்
• 6 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை. அழும்போது கண்ணீர் வராமை
• வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல்
• பால் குடிக்க இயலாமை, குடித்தவை அனைத்தையும் வாந்தி எடுத்தல்
• மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, கடும் காய்ச்சல், வலிப்பு
• துவண்டு கிடத்தல், எழுப்பினாலும் விழிக்காமை

2 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், இவ்வறிகுறிகளுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டவும். செல்லும் வழியிலும் தாய்ப்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுத்துக்கொண்டே இருக்கவும். இரவு நேரமாயினும் தயங்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 6, 10, 14 ஆவது வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் இம்மூன்று தவணைகளும் பதிவாகியுள்ளனவா என்று இன்றே சரிபார்க்கவும்.