மலைச் சைக்கிளும் பிரேக்கும்: ஒரு சின்ன வரலாறு

சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் நமக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். கம்பியை முடுக்குவது, இல்லாவிட்டால் பிரேக் கட்டையை மாற்றுவது. மலைச் சைக்கிளின் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் இது செல்லாது. அங்கே கம்பிக்குப் பதில் எண்ணெய். ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால் கோளாறும் பாதி புரிந்துவிடும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊர். அதன் பக்கத்து மலையில் 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் ஒரு பந்தயம் நடத்தினார்கள். சுமார் 3 கிலோமீட்டர் மண்பாதை, 400 மீட்டர் இறக்கம். ஓட்டியது 1930, 40களில் செய்த கனமான பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள்ளே பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர், அதாவது 'மறுபடி அடை'!

அடுத்த வருடம், 1977-ல், ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புது சைக்கிள் செய்தார். பிரேக் ஹப்பிலிருந்து ரிம்முக்கு மாறியது. ஆனால் சேறும் தண்ணீரும் பட்டால் ரிம் வழுக்கும்.

விடை கார்களில் ஏற்கெனவே இருந்தது. மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது 17-ம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. 1921-ல் டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. 1953-ல் ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தது. 1990களில் இரண்டும் சேர்ந்து மலைச் சைக்கிளுக்கு வந்தன.

சரி, இப்போது கோளாறுகளுக்கு வருவோம்.

லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். புது எண்ணெய் ஏற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

நீண்ட இறக்கத்தில் மட்டும் லீவர் கைப்பிடி வரை வருகிறதா? எண்ணெய் கொதித்து ஆவியாகிறது. டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சியபின் 155 டிகிரி தாங்கினால் போதும் என்பதுதான் விதி. அதனால்தான் அதை அவ்வப்போது மாற்றச் சொல்கிறார்கள். சில பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும்.

கீச்சென்று கத்துகிறது, பிடிக்கவும் இல்லையா? டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய பேடை மாற்றிவிடுவதே நல்லது.

எதிரி அன்றும் இன்றும் சூடுதான். ரீபேக்கில் கிரீஸ் புகைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று எண்ணெய் கொதிப்பது லீவரில் இருக்கும் விரலுக்கு மட்டும்தான் தெரியும். விரல் சொன்னால் உடனே நின்று ஆறவிடுங்கள். அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.