பிளட் பைத்தானுக்கு ஏன் இந்தக் கெட்ட பெயர்?

பிளட் பைத்தான் என்றதும் ஏதோ ரத்தம் குடிக்கும் பாம்பு போலத் தோன்றும். உடம்பின் செந்நிறத்தால் வந்த பெயர், அவ்வளவுதான். கிழக்கு சுமத்ரா, மலேசியத் தீபகற்பம், தெற்குத் தாய்லாந்து பக்கத்து மலைப்பாம்பு இது. நீளம் 5, 6 அடிதான், ஆனால் நல்ல பருமன். 1938-ல் ஆலிவ் கிரிஃபித் ஸ்டல் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைத் தனி வகையாக விவரித்தார்.

சுமத்ராவில் இதன் தோலுக்குத்தான் விலை. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலி தின்று கொழுத்தவற்றைப் பிடித்துத் தோல் வியாபாரியிடம் விற்பார்கள். சில மட்டும் உயிரோடு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளர்ப்புக்காகப் போயின. ஒரே சரக்கு, இரண்டு சந்தை (காமர்ஸ் புத்தி போகாதே!). 1977-ல் சைட்டிஸ் என்ற வனஉயிர் வணிக ஒப்பந்தத்தில் மலைப்பாம்புகள் சேர்ந்தபின் ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயமானது. வியாபாரம் நிற்கவில்லை.

காட்டில் பிடிபட்டு, பையில் அடைபட்டு, தண்ணீரில்லாமல், உண்ணியோடு வந்திறங்கிய பாம்பு கடிக்காமல் கொஞ்சுமா? வாங்கியவர்களோ 'மூர்க்கமான ஜாதி' என்று முத்திரை குத்திவிட்டார்கள். பிறகு வளர்ப்பவர்களே முட்டை பொரிக்க வைத்தார்கள். அப்படிப் பிறந்து, குட்டியிலிருந்தே மனிதக் கைக்குப் பழகியவை பெரும்பாலும் சாதுவாகவே வளர்ந்தன. பழைய முத்திரை மட்டும் இன்னும் முழுசாக அழியவில்லை.