இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம்

கஞ்சாச் செடி தரும் போதைப்பொருள் மூன்று வகை. இலையை அரைத்துப் பாலில் கலந்து குடிப்பது பாங்கு. பெண் செடியின் பிசின் படிந்த பூங்கொத்து கஞ்சா. அந்தப் பிசினை மட்டும் திரட்டினால் சரஸ். வீரியமும் இதே வரிசையில் கூடும்.

ஆங்கிலேய ஆட்சி இவற்றைத் தடுக்கவில்லை, வரி போட்டது. வங்காளத்தின் ராஜசாகி மாவட்டத்து நவ்காவ் பகுதியில் உரிமம் பெற்ற உழவர்கள் மட்டுமே கஞ்சா பயிரிட்டார்கள். ஆண் செடிகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு பிடுங்குவதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். விளைச்சல் அரசின் கண்காணிப்பிலுள்ள கிடங்குக்குப் போய், அங்கிருந்து உரிமக் கடைகளுக்கு வந்தது.

கஞ்சா மக்களைப் பைத்தியமாக்குகிறது என்ற குற்றச்சாட்டு வலுத்தபோது, மதுவிலக்கு இயக்கத்தவரான டபிள்யூ. எஸ். கெய்ன் 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். மேக்வொர்த் யங் தலைமையில் மூன்று இந்தியர் உட்பட ஏழு பேர் கொண்ட ஆணைக்குழு அமைந்தது. அது 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. அதன் பணியில் மிகவும் மதிக்கத்தக்கது மனநலக் காப்பகப் பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்ததுதான். நோய்க்குக் காரணம் கஞ்சா என்று எழுதப்பட்டிருந்த இடங்களில் பெரும்பாலும் மருத்துவரின் ஆய்வே இல்லை. நோயாளியைக் கொண்டுவந்த போலீசார் சொன்னது அப்படியே பதிவாகியிருந்தது. ஒவ்வொன்றாக விசாரித்தபோது பல பதிவுகள் நிற்கவில்லை. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, மிதமிஞ்சினால் கேடு, முழுத்தடை தேவையில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று 1894இல் ஆணைக்குழு முடிவு சொன்னது. அவ்வளவு பொறுமையான விசாரணை பின்னாளில் உலக அரங்கில் எடுபடவில்லை என்பது வருந்தத்தக்கது.

1925இல் ஜெனீவா மாநாட்டில் எகிப்தின் வற்புறுத்தலால் கஞ்சா பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம் அதை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. ஆனால் பூவோ காயோ உள்ள நுனிப்பகுதியையே கஞ்சா என வரையறுத்து, தனித்த இலையையும் விதையையும் விலக்கியது. பழக்கம் வேரூன்றிய நாடுகள் அதை ஒழிக்க, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1964 முதல் 25 ஆண்டு அவகாசமும் கிடைத்தது.

இந்தியா 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றியபோது இதே வரையறையைக் கைக்கொண்டது. கஞ்சாவும் சரஸும் குற்றமாயின. இலையால் ஆன பாங்கு மாநிலங்களின் ஆயச் சட்டங்களுக்கு விடப்பட்டது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இன்றும் இருக்கின்றன; ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் அங்கே கூட்டம் அலைமோதும். 2001ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையை எடையோடு பிணைத்தது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுச் சிறை.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்குகளில் கஞ்சாவை அந்தக் கடும் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆயினும் ஒப்பந்தத்தின் முதற்பட்டியலில் கஞ்சா நீடிக்கிறது. உள்நாட்டில் 1985ஆம் ஆண்டின் வரையறை அந்த வாக்கெடுப்பால் மாறவில்லை.