ஹெர்மன் ஆமை வளர்ப்பு

ஹெர்மன் ஆமை தெற்கு ஐரோப்பாவின் மத்தியதரைக் கடலோரப் புதர்க்காடுகளைச் சேர்ந்த சிறிய நில ஆமை. இயற்கை ஆர்வலர் யோகான் ஹெர்மனின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஐரோப்பாவில் பலரும் இதை வளர்க்கின்றனர். நன்கு பராமரித்தால் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

வாழிடம்: வெயில் விழும், தப்ப முடியாத வேலியிட்ட தோட்டமே சிறந்தது. நீர் தேங்காத மண், ஒதுங்க நிழல், ஒளிந்துகொள்ள மறைவிடம், குடிக்கவும் நனையவும் ஆழமில்லாத நீர்த்தட்டு ஆகியவை தேவை. வீட்டினுள் வளர்த்தால், வெயில் காயும் மூலையில் ஏறத்தாழ 30 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பமும், மறுபுறம் குளுமையும் இருக்க வேண்டும். புற ஊதா பி கதிர் தரும் விளக்கும் இன்றியமையாதது. அக்கதிர் தோலில் வைட்டமின் டி3 உருவாக உதவுகிறது. அது குறைந்தால் உடல் கால்சியத்தை ஏற்காது. எலும்பும் ஓடும் மென்மையாகிவிடும்.

உணவு: டேன்டிலியன், குளோவர் போன்ற நார்ச்சத்து மிக்க காட்டுச் செடிகளே முதன்மை உணவு. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு வைக்கலாம். பழங்கள் குடலைக் கெடுக்கும். இறைச்சியும் நாய், பூனை உணவும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குஞ்சுகள் வறண்ட சூழலில் வளர்ந்தால் ஓடு கூம்புகூம்பாகப் புடைக்கும்.

குளிர்கால உறக்கம்: உறங்கும் இடம் ஏறத்தாழ 5 பாகையில் இருக்க வேண்டும். உறைநிலைக் குளிர் கண்களைப் பழுதாக்கும். 10 பாகையைத் தாண்டினால் ஆமை விழித்து, உடற்சேமிப்பை இழக்கும். நோயுற்ற ஆமையை உறங்க விடக்கூடாது.