ஒரு பல்லுக்கு முழு மயக்கம் வேணுமா?

இந்த எபிசோட் எங்க ஆயாவோட கடைவாய்ப் பல்லில் ஆரம்பிக்குது.

பென்னாகரம் பக்கம் எங்க ஊர். போன பொங்கலுக்கு பெங்களூரில் இருந்து போனப்போ ஆயாவுக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது. பல் டாக்டர்கிட்ட போலாம்னு கூப்பிட்டா ஒரே பேச்சு: "முழுசா மயக்கம் குடுத்துப் புடுங்கினா வர்றேன். அந்த ஊசின்னா வேணாஞ் சாமி." முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை, மரத்துப் போற ஊசி போட்டும் அவங்களுக்கு உயிர் போற வலி. அன்னையில இருந்து கிராம்பு, உப்புத் தண்ணி, வலி மாத்திரை. இவ்வளவுதான் வைத்தியம்.

முதல்ல நானும் ஆயா பக்கம்தான். தூங்கி எழுந்திரிச்சா வேலை முடிஞ்சிருக்கும்னா, எதுக்கு முழிச்சிக்கிட்டு கஷ்டப்படணும்? இதுக்குப் பதில் தேடப் போய், 1844ல போய் நின்னேன்.

மயக்க மருந்தோட வரலாற்றில் பாதியை எழுதினது பல் டாக்டர்கள்தான். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு ஊர்ல ஹோரேஸ் வெல்ஸ்னு ஒரு பல் டாக்டர். 1844 டிசம்பர் 10, நைட்ரஸ் ஆக்ஸைடு, அதாவது சிரிப்பு வாயுவை வச்சு நடந்த ஒரு வேடிக்கைக் காட்சிக்குப் போறார். வாயுவைச் சுவாசிச்ச ஒருத்தர் காலில் அடிபட்டும் வலியே தெரியாம இருக்கறதைப் பார்க்கறார். மறுநாளே வாயுவைத் தானே சுவாசிச்சு, சக டாக்டர் ஜான் ரிக்ஸை விட்டுத் தன் பல்லையே புடுங்கிக்கிறார். வலி இல்லை.

அடுத்த மாசம் பாஸ்டனில் மாணவர்கள் முன்னாடி செஞ்சு காட்டப் போனார். வாயு போதுமான அளவு போகலை. நோயாளி கத்திட்டார். கூட்டம் ஏமாத்து வேலைன்னு கேலி பண்ணிச்சு. ஒரே ஒரு டெமோ சொதப்பினதில் ஒரு மனுஷனோட பேரே போச்சு. பின்னாடி குளோரோஃபார்ம் பழக்கத்தில் சிக்கி, 1848ல நியூயார்க் சிறையில் தற்கொலை செஞ்சுக்கிட்டார். அவர்கூட முன்னாடி கூட்டா தொழில் பண்ணின வில்லியம் மார்ட்டன், ஈதரை வச்சு 1846 செப்டம்பர் 30 ஒரு பல்லைப் புடுங்கி, அக்டோபர் 16 மசாசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் ஒரு ஆபரேஷனுக்கே ஈதர் குடுத்துக் காட்டினார். அடுத்த 1847 மார்ச்சிலேயே ஈதர் கல்கத்தாவுக்கு வந்திருச்சு. மெயிலும் இல்லை, விமானமும் இல்லை, கப்பலில் போன சேதி!

இதுவரைக்கும் ஆயா கட்சி ஜெயிக்குது. ஆனா அடுத்த வருஷமே சிக்கல். 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர்னு 15 வயசுப் பொண்ணு. கால் நகத்தை எடுக்கறதுக்காகக் குளோரோஃபார்ம் குடுத்தாங்க. சில நிமிஷத்தில் உயிரே போச்சு. பல் புடுங்கும்போதும் இப்படிச் சாவுகள் நடந்தது. குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்துதா, மூச்சை நிறுத்துதான்னு பெரிய சண்டை. அதைத் தீர்க்க நம்ம ஹைதராபாத்திலேயே, நிஜாம் பணத்தில், 1888லயும் 1889லயும் ரெண்டு கமிஷன் உட்கார்ந்தது. மூச்சைத்தான் கவனிக்கணும், இதயம் பிரச்சினை இல்லைன்னு சொன்னாங்க. 1911ல குட்மன் லெவிங்கிற ஆராய்ச்சியாளர், இதயமும் திடீர்னு தாளம் தப்பி நிக்கலாம்னு காட்டினார்.

ஒரு ப்ராசஸ் தொங்கினதுக்கு மொத்த சர்வரையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ற மாதிரிதான் இது. பெரும்பாலும் திரும்ப ஆன் ஆகும். ஆகாமப் போற அந்த ஒரு தடவைதான் பயம்.

அந்த ஒரு ப்ராசஸை மட்டும் நிறுத்தற வழி 1884ல வந்தது. வியன்னாவில் கார்ல் கோலர், கொக்கெய்ன் சொட்டு விட்டா கண் மட்டும் மரத்துப் போறதைக் காட்டினார். அதே வருஷம் நியூயார்க்கில் ஹால்ஸ்டெடும் ஹாலும் கீழ்த்தாடை நரம்புப் பக்கத்தில் ஊசி போட்டு அந்தப் பக்கம் முழுக்க மரத்துப் போக வச்சாங்க. இன்னைக்கும் கீழ்ப் பல் எடுக்கணும்னா டாக்டர் தேடிப் போறது அதே நரம்பைத்தான். ஆனா ஹால்ஸ்டெட் கொக்கெய்னுக்கே அடிமையானார். அப்புறம் 1905 வாக்கில் நோவோகெய்ன். 1943ல ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கின லிக்னோகெய்ன், 1948ல விற்பனைக்கு வந்தது. உங்களுக்கும் எனக்கும் இன்னைக்குப் போடற ஊசி அதுதான். கூடக் கொஞ்சம் அட்ரினலின் இருக்கும். அது ரத்தக் குழாயைச் சுருக்கி, மருந்து சீக்கிரம் கரைஞ்சு போகாம பார்த்துக்கும்.

அதனால, முழு மயக்கத்தைப் பிரபலமாக்கின பல் வைத்தியமே மெதுவா அதை விட்டு விலகிச்சு. பிரிட்டனில் 2001 முடிவோட, பல் கிளினிக்கில் முழு மயக்கம் குடுக்கறதையே நிறுத்திட்டாங்க. ஆஸ்பத்திரியில் மட்டும்தான். ரொம்பச் சின்னக் குழந்தைங்க, ஒத்துழைக்க முடியாதவங்க, ஒரே நேரத்தில் நிறைய பல், எலும்புக்குள்ள ஆழமாப் புதைஞ்ச பல், இவங்களுக்கு இன்னைக்கும் அது தேவைதான். மயக்க மருந்து நிபுணர், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஆறு மணி நேரம் சாப்பிடாம இருக்கறதுன்னு அதுக்கு ஒரு ஏற்பாடே வேணும்.

தருமபுரிக்காரங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. எங்க நிலத்தடித் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வர்ற வரைக்கும் எங்க வீட்டில் போர் தண்ணிதான். ஆயா பல்லில் பழுப்புக் கறை மட்டுமில்லை, கழுத்தும் முதுகும் விறைச்சுப் போயிருக்கு. எலும்பு வரைக்கும் ஃபுளோரைடு போனா அப்படித்தான் ஆகும். கழுத்தைப் பின்னாடி சாய்க்க முடியாதவங்களுக்கு மூச்சுக் குழாய் வைக்கறது சிரமம். பல் டாக்டர் இதைத்தான் முதல்ல சொன்னாங்க. "அம்மா, உங்களுக்கு மயக்கம்தான் பெரிய ரிஸ்க், ஊசி இல்லை."

"அப்ப அன்னைக்கு ஏன் வலிச்சுது?"ன்னு ஆயா விடலை. பழுத்து வீங்கின இடத்தில் அமிலத்தன்மை கூடும், அங்க ஊசி மருந்து சரியா வேலை செய்யாதுன்னு டாக்டர் விளக்கினாங்க. முப்பது வருஷமா ஆயாவுக்கு யாரும் சொல்லாத பதில் அது. வெல்ஸுக்கு நடந்த அதே கதை: முறை தப்பில்லை, அன்னைக்கு அது சரியா வேலை செய்யலை.

அஞ்சு நாள் ஆன்டிபயாடிக். வீக்கம் வடிஞ்சது. பிரஷர் பார்த்தாங்க, ஊசி போட்டாங்க, பத்து நிமிஷம் காத்திருந்தாங்க. உதடு தடிச்சுப் போச்சான்னு கேட்டு, ஈறைக் குத்திப் பார்த்து, அப்புறம்தான் கையை வச்சாங்க. வெளிய வந்த ஆயாகிட்ட வலிச்சுதான்னு கேட்டேன். "ஊசி குத்தறப்ப மட்டும் சுருக்குன்னுச்சு. ஆனா கடக்கு கடக்குன்னு ஒரு சத்தம் பாரு, அதை ஏன்டா யாரும் முன்னாடியே சொல்லலை?"

நியாயமான புகார். அதனால இப்பவே சொல்லிடறேன். அழுத்தம் தெரியும், சத்தம் கேட்கும். வலி தெரியக் கூடாது. தெரிஞ்சா கையைத் தூக்குங்க, இன்னொரு ஊசி போடுவாங்க. உட்கார்றதுக்கு முன்னாடி உங்க பிரஷர், சுகர், மாத்திரை எல்லாத்தையும் சொல்லிடுங்க. உங்க வீட்டிலயும் பழைய வலிக்குப் பயந்து கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு யாராவது உட்கார்ந்திருந்தா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.