ஊவாவின் கடன் கொப்பிகள்

பதுளையில் ஒரு கடை மூடப்பட்டால், "முதலாளி கடன் கொடுத்தே கெட்டார்" என்று சொல்லிவிட்டு நகர்வது எமது வழக்கம். அந்தக் கடன் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்பவர் குறைவு. ஊவாவைப் பொறுத்தவரை அதற்கான விடை பெரும்பாலும் கடைக்குள் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது.

இலங்கையில் கோப்பி இலைநோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1869இல், எமது மடுல்சீமைப் பக்கத்தில்தான். ஆனால் அடுத்து வந்த பத்தாண்டில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியிருந்தபடியால் விளைச்சல் குறைந்தது கணக்கில் உறைக்கவில்லை. துரைமார் தோட்டங்களை ஈடுவைத்து மேலும் காடு வெட்டினார்கள். பிரேசில் கோப்பி பெருகி விலை விழுந்தபோதுதான் நோயும் கடனும் ஒன்றாக வெளியே வந்தன. 1884 மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. அதன் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று தேசாதிபதி ஆதர் கோர்டன் அறிவித்ததால் நோட்டு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். கொப்பியில் பற்று எழுதி வைத்திருந்த கடைக்காரருக்குப் பொறுப்பேற்க யாரும் இருக்கவில்லை.

தோட்டத்தில் சம்பளம் நிலுவையானால் லயத்து ஆள் கடைக்குக் கொடுக்கமாட்டார். கடைக்காரர் பட்டணத்து மொத்த வியாபாரிக்குக் கொடுக்கமாட்டார். அவர் செட்டியாருக்குக் கொடுக்கமாட்டார். இந்தச் சங்கிலி எல்லா மலைநாட்டுக்கும் பொதுவானதே. ஊவாவுக்கு மட்டும் தூரம் என்ற இன்னொரு சுமை இருந்தது. புகையிரதம் 1885இல் நானுஓயா வரைதான் வந்தது. அப்புத்தளைக்கு 1893இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கோ 1924இல். விளைச்சலை இறக்கவும் அரிசியை ஏற்றவும் வண்டிக்கூலி கொடுத்த தோட்டத்துக்கு விலை சற்றுச் சரிந்தாலே இலாபம் போய்விடும். (தவளம் கட்டி உப்பும் கருவாடும் மலையேற்றிய எமது முன்னோரின் தொழிலை அழித்ததும் இதே பாதைகள்தாம் என்பது வேறு கதை.)

வங்குரோத்துக்காரரைப் பற்றிய கட்டளைச் சட்டம் 1853இலேயே இருந்தது. துரை நீதிமன்றம் போகலாம். சிறு கடைக்காரர் மனைவியின் நகையை விற்றுக் கடனடைத்து, கடையைப் பூட்டிவிட்டு ஊர் போவார். ஆகவே வழக்கேடுகளை மட்டும் எண்ணி ஊவாவின் வீழ்ச்சியை அளப்பது தவறு என்பதே என் எண்ணம். ஒருவரின் வீழ்ச்சி கையில் காசுள்ளவருக்கு மலிவு விலைக் காணியாகிவிடுவதும் உண்டு. 1890இல் வந்த தோமஸ் லிப்டன் தம்பத்தென்னையை வாங்கியது அப்படித்தான்.

1970களில் சங்கிலி வேறிடத்தில் அறுந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1974இல் லயங்களில் பட்டினி. 1964 ஒப்பந்தப்படி குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தன. கடைவீதியில் விலை விழவில்லை, வங்கி மூடவில்லை. பற்றுக் கொப்பியில் பெயர் இருந்தது. ஆள் மண்டபம் முகாமில் இருந்தார்.